வெனிஸ் கொடுத்த உரிமை, லண்டன் கொடுத்த உரிமை

1469-இல் வெனிஸ் அரசு, ஸ்பேயர் ஊரிலிருந்து வந்த யோகான் என்ற ஜெர்மானியருக்கு ஐந்தாண்டு அச்சு ஏகபோகம் தந்தது. அந்த ஐந்தாண்டுக்கு நகரில் வேறு யாரும் அச்சடிக்கக் கூடாது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். உரிமையும் அவரோடு முடிந்தது. அப்புறம் அச்சகங்கள் பெருகி, ஐரோப்பாவின் பெரிய புத்தகச் சந்தையாகவே வெனிஸ் வளர்ந்தது.

லண்டன் கதை வேறு. 1557-இல் அரசி மேரி, ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற புத்தக வணிகர் சங்கத்துக்கு அச்சுத் தொழிலுக்கான உரிமைப் பட்டயம் அளித்தார். தனி மனிதர் இறப்பார், சங்கம் இறக்காது; பெரிய வேறுபாடே இதுதான். சங்கப் பதிவேட்டில் ஒரு நூலைப் பதிந்தவர் அதைச் சொத்துபோல விற்கலாம், வாரிசுக்கு விடலாம். எழுதியவருக்கு அதில் இடமே இல்லை, இதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது. அச்சகங்களைச் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் சங்கத்திடம் இருந்தது. அரசுக்குத் தணிக்கை எளிதாயிற்று, வணிகருக்குப் போட்டி குறைந்தது. 1603 முதல் பஞ்சாங்கம், பைபிளின் சங்கீதங்கள் (துதிப்பாடல்கள்) போன்ற நன்றாக விற்பவையும் சங்கத்தின் கைக்கே போயின.

வாசகர் பக்கம் நின்றால் வெனிஸ்தான் மேல், ஆனால் ஒரு மரணத்தால் வந்த நன்மை அது. லண்டனில், அச்சடிக்கும் முன் அனுமதி பெறச் சொன்ன உரிமச் சட்டம் 1695-இல்தான் காலாவதியானது. 1710-இல் வந்த சட்டமே எழுத்தாளருக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது.