எங்கள் நாய் ஜிம்மிக்குப் பார்த்த கிளினிக், சுங்கை சிப்புட்

முதலில் காசு. எல்லாரும் அதைத்தான் கேட்கிறீர்கள். மொத்தம் 460 ரிங்கிட். மூன்று ஊசி, இரண்டு தடவை இரத்தப் பரிசோதனை, நான்கு வாரத்துக்கு மாத்திரை, எல்லாம் சேர்த்து. நான் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவன், எனக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் அடுத்த தடவையும் அங்கேதான் போவேன்.

பசாருக்குப் பின்னால் உள்ள கடைவீட்டு வரிசையில் இருக்கிறது. பலகை சின்னது, கண்ணில் படாது. வண்டி நிறுத்த இடமே இல்லை. இரண்டு சுற்று சுற்றி, கடைசியில் ஒரு டயர்க் கடைக்காரரிடம் கெஞ்சி நிறுத்தினேன். உள்ளே பூனைக்கு ஒரு பக்கம், நாய்க்கு ஒரு பக்கம் என்று பெஞ்சைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் இளம் பெண், மலாய்தான் பேசுவார். தமிழ் வேண்டுமென்றால் கவுண்டர் தங்கச்சி இருக்கிறாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

ஜிம்மி சாதாரணத் தோட்டத்து நாய், வயது ஆறு. இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா பசியாற உட்கார்ந்தபோது அது மூக்கிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டு வந்து காலடியில் படுத்துவிட்டது.

டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. உடனே கேட்டார்: தோட்டத்தில் எலி மருந்து வைத்தார்களா, எந்த நாள், கட்டி என்ன நிறம்? அந்த வாரம்தான் மரத்தடிக்கு ஒன்றாக மெழுகுக் கட்டி வைத்துக்கொண்டு போனார்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்குப் போன் அடித்தேன். அவர் மூட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்தார்: புரோடிஃபாக்கோம். தின்றால் இரத்தம் உறையாதாம், அதுவும் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியுமாம். அதற்கு முறிவு மருந்து வைட்டமின் கே1. அதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும் என்றார். அதனால் நான்கு வாரமும் ஜிம்மிக்கு சார்டின் சோறு. எனக்குக்கூட அம்மா அப்படிப் பிசைந்து கொடுத்ததில்லை.

மாத்திரை முடிந்து 48 மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். நான் மறந்தே போனேன். தங்கச்சி தானே போன் பண்ணிக் கூப்பிட்டாள்.

அன்று காத்திருந்தபோது சுவரில் மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015 பற்றிய ஒரு போஸ்டர். 2017 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வளர்ப்பவர் கடமைகளையும் எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு மலாய் படிக்க வராது, படித்துச் சொல்லச் சொன்னார். வலி, காயம், நோய் இல்லாமல் காக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தேன்.

“யாருக்குய்யா?”

“நாய்க்கும்மா.”

ஒன்றும் பேசவில்லை. கையைத் திருப்பி நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா 21 வருடம் தோட்டத்தில் புல்லைக் கொல்லும் மருந்து அடித்தவர். முதுகில் 18 லிட்டர் பம்பு, வாயில் ஒரு துணி, அவ்வளவுதான் காப்பு. அந்த மருந்து பராகுவாட். நகம் கறுத்துக் கழன்று விழும். அம்மாவுக்கும் மூக்கில் இரத்தம் வந்திருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் வலி மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்புவார்களாம். என்ன மருந்து அடித்தாய், எத்தனை நாளாக என்று அங்கே மருந்து கொடுக்கும் ஒரு டிரஸரும் கேட்டதில்லை. மருந்துப் பேரே அம்மாவுக்குத் தெரியாது, நான் பெரியவனான பிறகு சொன்னதுதான். அதற்கு முறிவு மருந்தே கிடையாது என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

2002-இல் பராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். 2006-இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். ஆக, நாய்க்கு வலி கூடாது என்று சட்டம் எழுதிய 2015-இல் பராகுவாட் இங்கே தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. நாய்ச் சட்டம் வேண்டாம் என்று யாரும் என் பேரில் கிளம்பிவிடாதீர்கள். நல்ல சட்டம். அபராதம் இன்னும் கூட்டினாலும் எனக்குச் சம்மதம். வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

கிளினிக்கைப் பற்றிச் சில குறை. மாத்திரைக்குத் தனி ரசீது கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. இரவில் அவசரம் என்றால் ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டும். ஞாயிறு மூடியிருக்கும். எலி மருந்து தின்ற நாயைக் கொண்டுபோனால் பாக்கெட்டையோ அதன் படத்தையோ கையோடு எடுத்துப் போங்கள், பாதி வேலை மிச்சம். சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னால் போனால் கூட்டம் குறைவு.