எதுக்களிப்புக்குச் சாய்வுத் தலையணை: 14 மாதங்கள் படுத்துப் பார்த்த பிறகு

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதையும், இதை யாருக்கு வாங்கவே கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. எதுக்களிப்பு, அதாவது வயிற்றில் இருப்பது மேலே ஏறி வருவது, இல்லாத ஆண்டு ஒன்று என் நினைவில் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த பாலையெல்லாம் கக்குவேனாம். "கக்குகிற பிள்ளை தக்கும்" என்று ஆச்சி அம்மாவைத் தேற்றியிருக்கிறார். ஆச்சி சொன்னதில் தவறில்லை. இரைப்பையின் வாயில் இருக்கும் சுருக்குத்தசை பச்சிளம் பிள்ளைகளுக்கு அடிக்கடி தளர்ந்துகொடுக்கும். பிள்ளை குடிப்பதும் வெறும் பால், இருப்பதும் படுத்த படுக்கை. நான்காம் மாத வாக்கில் கக்குவது உச்சத்துக்குப் போய், ஒன்று, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை. வெளியே கக்குவது நின்றதால், எல்லாமே நின்றுவிட்டது என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குனிந்து எழுதும்போது, புளிப்பாக ஏதோ தொண்டை வரை ஏறி வரும். விழுங்கிவிட்டுத் தொடர்ந்து எழுதுவேன். எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று எண்ணியிருந்ததால் யாரிடமும் சொன்னதில்லை. இரவில் வறட்டு இருமல் வரும், காலையில் குரல் கம்மியிருக்கும். சளி என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். நெஞ்செரிச்சல் என்பது தாத்தாவுக்கு வரும் வியாதி. எட்டு வயதுப் பிள்ளைக்கு வரும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கண்டுபிடித்தவர் ஒரு பல் மருத்துவர். 26 வயதில் பல் கூச்சம் என்று போனேன். மேல்வரிசை முன்பற்களின் பின்னால் சிறு கண்ணாடியை வைத்து, என் கையில் இன்னொரு கண்ணாடியைத் தந்து காட்டினார். நாக்குப் படும் பக்கம் வழவழவென்று தேய்ந்து மஞ்சளாக இருந்தது. பல்லின் நுனி மெலிந்து, விளக்கு வெளிச்சம் அதன் வழியே தெரிந்தது. "இது பல் துலக்கித் தேய்ந்தது இல்லை அம்மா. வயிற்றிலிருந்து புளிப்பு மேலே வருமா?" என்று கேட்டார். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கடுமை. அது 5.5-க்குக் கீழே இறங்கினாலே பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். இரைப்பை அமிலம் ஒன்று, இரண்டு என்ற அளவில் இருப்பது. அது எத்தனை இரவுகள் என் வாய்வரை வந்து போயிருக்கும் என்று அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக யோசித்தேன்.

பிறகு எண்டோஸ்கோப்பி. உணவுக்குழாய்ப் புண்ணை லேசான ஏ முதல் கடுமையான டி வரை தரம் பிரிப்பார்கள், எனக்கு பி. இரைப்பையின் மேல்நுனி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியாகக் கொஞ்சம் ஏறியும் இருந்தது. நான் பயந்தது பாரெட் நிலைக்கு. பல ஆண்டுகள் அமிலம் பட்டு உணவுக்குழாயின் உட்படலமே வேறு வகையாக மாறிவிடுவது அது. சிலருக்குப் புற்றுநோய் வரை போகும். சதை எடுத்துச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. பேண்டோபிரசோல் மாத்திரை தொடங்கினேன், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. ஆனால் மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும். வயிற்றில் இருப்பது மேலே ஏறுவதைத் தடுக்காது. அந்த வேலைக்குத்தான் தலையணை.

முன்பு இரண்டு தலையணைகளை அடுக்கிப் படுத்தேன். கழுத்து மடங்கியது, வயிறும் மடங்கி அழுந்தியது, எரிச்சல் கூடியது. அப்புறம் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். எனக்கு நன்றாகவே இருந்தது. கணவர்தான் இரவெல்லாம் கால்மாட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தத் தலையணையை இணையத்தில் 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். உயரம் 8 அங்குலம் என்று போட்டிருந்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்தேன்: 7. குறைத்த நட்சத்திரம் இதற்குத்தான். 14 மாதத்தில் அழுந்தி இப்போது ஆறரை. புதிதில் நுரைப்பஞ்சு நாற்றம் இருந்தது; மொட்டை மாடி நிழலில் நான்கு நாள் வைத்த பிறகு போனது. உறை பாலியஸ்டர். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில் அதில் படுத்தால் முதுகு நனைந்துவிடும். பழைய சுங்குடிச் சேலையில் உறை தைத்துக்கொண்டேன்.

படுக்கும் முறை முக்கியம். தலையை மட்டும் வைத்தால் பயனில்லை. சரிவின் மெல்லிய நுனி இடுப்புக்கு மேலே தொடங்க வேண்டும், முதுகு முழுவதும் சரிவில் கிடக்க வேண்டும். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இன்னும் நல்லது. அப்போது இரைப்பை கீழேயும் அதன் வாய் மேலேயும் அமையும். மல்லாந்து படுக்கிற நாளில் முழங்காலுக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தால் சறுக்காது. முன்பு வாரத்தில் நான்கு இரவுகளாவது புளிப்பு ஏறி எழுந்து உட்காருவேன். இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதுவும் ஏழரைக்கு மேல் சாப்பிட்ட நாட்களில். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை.

இனி, வருத்தத்தோடு எழுத வேண்டியது. விற்பனைப் பக்கத்தில் இதே தலையணையின் சிறிய அளவைக் காட்டி, 'பால் கக்கும் குழந்தைகளுக்கு' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் தங்கை கேட்டாள்: "அக்கா, உனக்கு இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பாப்பாவுக்கும் ஒன்று வாங்கட்டுமா?" பாப்பாவுக்கு ஐந்து மாதம்.

வாங்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்துதான் தூங்க வைக்க வேண்டும், கக்கினாலும் அப்படித்தான். சரிவில் தலை முன்னே கவிழ்ந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும். அந்தத் தலையை நிமிர்த்தப் பிள்ளைக்கு வலு கிடையாது. அமெரிக்காவில் இப்படி இறப்புகள் நேர்ந்து, 2019 ஏப்ரலில் ஒரே வகைச் சாய்வுத் தொட்டில்கள் 47 லட்சத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல், 10 டிகிரிக்கு மேல் சரிவுள்ள குழந்தைப் படுக்கைகளைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை மருத்துவச் சங்கங்களின் 2018 வழிகாட்டுதலும், தூங்கும் கைக்குழந்தைக்குத் தலையை உயர்த்தி வைக்கும் சிகிச்சை வேண்டாம் என்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அதைப் பரிசீலிக்கலாம்.

தங்கையிடம் நான் கேட்டவை வேறு. எடை ஏறுகிறதா, கக்குவது பச்சையாகவோ ரத்தம் கலந்தோ இருக்கிறதா, பீய்ச்சி அடிக்கிறதா, பால் குடிக்கும்போது முதுகை வில்லாக வளைத்து அழுகிறதா? எதுவும் இல்லை, எடையும் நன்றாக ஏறுகிறது என்றாள். அப்படியானால் ஆச்சியின் சொல் பாப்பாவுக்குப் பொருந்தும். பள்ளி செல்லும் வயதிலும் பிள்ளைக்கு வாய் புளிக்கிறது, இரவில் இருமல் நிற்கவில்லை என்றால் பொருந்தாது. மருத்துவரிடம் காட்டுங்கள், முன்பற்களின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்குத் தலையணை போகவில்லை. அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டை வெந்நீரில் துவைத்து, ஓரம் மடித்துத் தைத்து, பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டுத் தட்டிக்கொடுக்கும்போது விரித்துக்கொள்ள 12 துண்டுகள் அனுப்பினேன்.