கீரையா, காயா? பீனிக்ஸ் பனியில் முருங்கை வளர்க்க மூன்று வழி

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து பீனிக்ஸின் வெயில் ஊரறிந்தது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸைத் தொட்டது. வேருக்குத் தண்ணீர் கிடைத்தால் முருங்கை அதையெல்லாம் சட்டை செய்யாது. அதைச் சாய்ப்பது டிசம்பர், ஜனவரியில் வரும் நாலைந்து உறைபனி இரவுகள்தான்.

பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் எங்கள் கொல்லையில் மூன்று வழியும் பார்த்தாகிவிட்டது. வருஷாவருஷம் விதை போட்டு ஒரு பருவத்தோடு முடித்துக்கொள்வது, தொட்டியில் வைத்துக் குளிருக்கு கராஜுக்குள் தள்ளுவது, தரையில் நட்டு அங்கேயே பனியோடு மல்லுக்கட்டுவது. எது நல்லது என்று யாராவது கேட்டால், உங்களுக்கு வேண்டியது கீரையா காயா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கீரை போதும் என்றால் விதையோடு நிறுத்திக்கொள்ளலாம். மார்ச்சில் மண் சூடு பிடித்ததும், ஒரு ராத்திரி ஊறிய விதையை நேரே தரையில் ஊன்றினால் பத்துப் பன்னிரண்டு நாளில் முளை தெரியும். இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பாகக் கூரைக்கு மேலே போய் நிற்கும். மே கடைசியிலிருந்து நவம்பர் வரை அடைக்கும் பொரியலுக்கும் பஞ்சமில்லை. டிசம்பரில் கருகினால் கருகட்டும்.

இந்த வழியில் காய்க்கு மட்டும் ஆசைப்படக் கூடாது. நான் போட்டது பெரியகுளத்து பி.கே.எம்.1, ஊரில் ஆறு மாதத்தில் காய் தரும் செடிமுருங்கை. இங்கே அது பூப்பது சரியாக ஜூன், ஜூலையில். அந்த அனலில் பூவெல்லாம் பிஞ்சாகாமல் உதிர்ந்து, காலையில் மரத்தடி பொரி இறைத்த மாதிரி கிடக்கும். செப்டம்பர் கடைசியில் வெயில் இறங்கியதும் மறுபடி பூத்துப் பிஞ்சு பிடிக்கும், ஆனால் அது சதை பிடிப்பதற்குள் பனி வந்துவிடும். இரண்டு வருஷம் பென்சில் பருமன் பிஞ்சைச் சாம்பாரில் போட்டதுதான் மிச்சம்.

தொட்டி வழி கேட்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் முருங்கை தன் உயிரைக் கிழங்கு மாதிரியான வேரில் வைத்திருக்கிற மரம், அதைத் தொட்டிக்குள் அடைத்தால் சுருண்டு நிற்கிறது. ஜூலை மாலையில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைக் கையால் தொட முடியாது, உள்ளே வேர் என்ன பாடுபடும்! தினமும் தண்ணீர் வேண்டும். 25 காலன் தொட்டி ஈர மண்ணோடு நகர வேண்டுமானால் அடியில் சக்கரப் பலகை வேண்டும். கராஜுக்குள் இலை முழுக்கக் கொட்டிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். தூங்குகிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அழுகும். அபார்ட்மென்ட்காரர்களுக்கு வேறு வழியில்லை. டூசான்காரர்களுக்கும் ஓரளவு அப்படித்தான். பீனிக்ஸைவிட உயரமான ஊர், 2011 பிப்ரவரியில் 20 ஃபாரன்ஹீட்டுக்கும் (மைனஸ் 7 செல்சியஸ்) கீழே இறங்கியது.

இடையில் ஒன்று. பாலைவனத்துக்கென்றே ஒரு முருங்கை உண்டு, அரேபியாவிலும் சினாயிலும் தானாக வளர்வது. அதை வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எண்ணெய் எடுக்கப் பெயர்பெற்ற மரம் அது. வளர வளரச் சிற்றிலைகளை உதிர்த்துவிட்டு ஈர்க்கு ஈர்க்காக நிற்கும். எதை உருவிக் கீரை சமைப்பது?

சரி, தரைக்கு வருவோம். குழி தோண்டும்போது இரண்டு மூன்றடியில் கடப்பாரை ‘ணங்’ என்றால் அது கலீச்சி, சுண்ணாம்பு இறுகி சிமென்ட் போல் ஆன அடுக்கு. அதை உடைத்து நீர் வடிய வழி செய்யாமல் நட்டால் குளிர்காலத்தில் வேர் போய்விடும். தெற்கு வெயில் விழும் காம்பவுண்ட் சுவரை ஒட்டிய இடம் உத்தமம். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

முதல் குளிரில் நான் எதுவும் செய்யவில்லை. 28 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 2 செல்சியஸ் காட்டிய இரவுக்கு மறுநாள், இலையெல்லாம் கொதிநீரில் முக்கியெடுத்த மாதிரி கறுத்துத் தொங்கியது. ஒரு வாரத்தில் கொம்புகள் ஊறிய காகித அட்டைபோல அமுங்கின. உடனே அரிவாளை எடுத்தேன். முருங்கையை ஒடித்து வளர் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்களே! ஜனவரி நடுவில் நாலு நாள் இதமாக இருந்ததும் வெட்டின இடத்தில் துளிர்விட்டது. அடுத்த பனி அந்தத் துளிரையும் கொண்டுபோனது. இப்போதெல்லாம் பிப்ரவரி முடியும்வரை கத்தி வைப்பதில்லை. நகத்தால் பட்டையைக் கீறி, பச்சை தெரிகிற இடம்வரை மட்டும் வெட்டுகிறேன்.

அடிவரை கருகினாலும் வேர் பிழைத்துத் தூரிலிருந்து கொத்தாகத் தளிர்க்கும். கீரைக்கு அது போதும். ஆனால் புதுத் தளிரும் விதைச்செடி மாதிரியே ஜூலையில்தான் பூக்கும், கதை அதேதான். அடிமரம் நாலைந்தடி உயிரோடு இருந்தால்தான் மார்ச்சில் பூத்து, அனல் வருவதற்குள் மே மாதத்தில் காய் கையில் வரும். அதனால் நான் காப்பது அந்த ஐந்தடியை மட்டும். மேலே இருப்பதைப் பனிக்கே விட்டுவிடுகிறேன்.

செலவு அதிகமில்லை. பழைய போர்வை, பழைய குண்டு பல்பு கிறிஸ்துமஸ் சரம். எல்.இ.டி. சரம் மினுக்கும், சூடு தராது. சரத்தை அடிமரத்தில் சுற்றி, போர்வையைத் தரைவரை கூடாரம்போல இறக்க வேண்டும். கழுத்தில் மஃப்ளர் கட்டுவதுபோல மரத்தோடு சேர்த்துக் கட்டினால் மண்ணிலிருந்து ஏறும் சூடு உள்ளே தங்காது. பிளாஸ்டிக் தாள் மரத்தில் படவே கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு குளிருக்கு ஏழெட்டு இரவு இந்த வேலை. போன மே மாதம் நாற்பது காய் பறித்தேன், முழங்கை நீளத்துக்குக் குறையாமல்.

வேலி ஓரத்தில் கீரைக்காக மார்ச்சில் ஆறு விதை இப்போதும் போடுகிறேன். தொட்டியை டூசான் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். நவம்பர் பிறந்தால் முதுகு வலிப்பது இப்போது அவருக்கு.