சுங்கை சிப்புட்டில் ஆறு வியாழக்கிழமைகள்: ஆப்பிரிக்காவும் திருச்சபையும் பற்றிய மாலை வகுப்பு

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், பட்டணத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியுள்ள ஒரு சபை மண்டபத்தில், ஆப்பிரிக்காவின் கிறிஸ்துவ வரலாறு, காலனி ஆட்சி, இன்றைய வறுமை ஆகிய மூன்றையும் சேர்த்துத் தமிழில் நடத்திய ஆறு வார மாலை வகுப்பை அண்மையில் முடித்தேன். கட்டணம் 60 வெள்ளி (ரிங்கிட்). கம்பிச்சுருள் கட்டிய குறிப்பேடு ஒன்றும், ஒவ்வொரு வியாழனும் தே ஓ எனும் பாலில்லாத தேநீரும் மீ ஹூன் எனும் வறுத்த அரிசிச் சேமியாவும் அதில் அடங்கும். மூன்றாம் வாரம் ஒன்றுக்கே அந்தப் பணம் முழுதும் தகும் என்பதும், ஐந்தாம் வாரத்துக்காக அதில் பாதியைத் திருப்பிக் கேட்கலாம் என்பதும் என் கணக்கு. பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கத்தோலிக்கன், மண்டபமோ பிராட்டஸ்டண்ட் சபையினுடையது. நாம் ‘ஆண்டவர்’, ‘தூய ஆவி’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ‘கர்த்தர்’, ‘பரிசுத்த ஆவி’ என்கிறார்கள். குறிப்பேட்டில் இரண்டும் கலந்து கிடந்ததைப் பார்த்தபோது இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்குவது போலிருந்தது. முகப்பில், இந்நாட்டில் கிறிஸ்துவ நூல்களுக்கு வழக்கம்போல், ‘முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வந்திருந்த இருபது பேரும் அவரை ‘சார்’ என்றே அழைத்ததால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் வாரம் தொடக்கத்துக்கு ஏற்றதாக இருந்தது. கிறிஸ்துவம் வெள்ளைக்காரனுடைய கப்பலில் ஏறித்தான் ஆப்பிரிக்காவுக்குப் போனது என்ற எண்ணத்தைச் சார் அரை மணி நேரத்தில் கழற்றி வைத்தார். மேற்குலகத் திருச்சபையின் சிந்தனையை வடித்த புனித அகுஸ்தினார் 354ஆம் ஆண்டு இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். எத்தியோப்பியப் பகுதியின் அக்சும் அரசன் எசானா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவத்தை ஏற்றவன். அப்போது இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கு நற்செய்தி எட்டியிருக்கவில்லை. இதையெல்லாம் ஞாயிறு மறைக்கல்வியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் வாரம் அடிமை வணிகம். சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் அட்லாண்டிக் கடல் வழியாக ஏற்றப்பட்டார்கள் என்ற எண்ணைவிட, கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண் கைதிகளை அடைத்த நிலவறைக்கு மேலேயே ஆங்கிலேயர்கள் ஜெபக்கூடம் வைத்திருந்தார்கள் என்ற செய்திதான் மண்டபத்தை அமைதியாக்கியது. அதே கோட்டையில் 1766 முதல் ஐம்பது ஆண்டுகள் குருவாக இருந்த பிலிப் குவாக்கு ஓர் ஆப்பிரிக்கர் என்பதையும் சார் சொன்னார். ஆனால் அந்த மனிதர் தரைக்கு அடியில் இருந்தவர்களை எண்ணி எப்படி ஜெபித்திருப்பார் என்று முன்வரிசையிலிருந்த ஒரு தம்பி கேட்டபோது, நேரமாகிவிட்டது என்று கேள்வியைக் கடந்துவிட்டார். 1452இலும் 1455இலும் போர்ச்சுகல் மன்னருக்கு அந்த நிலங்களையும் மக்களையும் கைப்பற்ற அனுமதி தந்த திருத்தந்தையின் ஆணைகள் குறிப்பேட்டில் இருந்தன. புதிய நிலத்தைக் கண்ட கிறிஸ்துவ அரசே அதைச் சொந்தமாக்கலாம் என்று அவற்றின்மேல் எழுந்த ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் 2023இல் வெளிப்படையாகத் தள்ளிவைத்த செய்தி மட்டும் அதில் இல்லை. எங்கள் பக்கத்துக் குற்றத்தை எழுதியவர்கள் எங்கள் பக்கத்து மன்னிப்பையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

இனி மூன்றாம் வாரத்துக்கு வருகிறேன். ரப்பர் தோட்ட ஊரான சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு காங்கோவின் ரப்பரைப் பற்றிக் கேட்பது வேறெந்த ஊரிலும் கேட்பதுபோல் இருக்க முடியாது. பெல்ஜியத்தின் மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாகவே வைத்திருந்தார். ஒருமுறைகூட அங்கே கால் வைக்காமலேயே அதை ஆண்டார். நாகரிகத்தையும் நற்செய்தியையும் கொண்டுபோவதாக உலகத்துக்குச் சொல்லிக்கொண்டு, கிராமங்களுக்கு ரப்பர் அளவு விதித்தார். அளவு குறைந்தால் படைவீரர்கள் சுட்டார்கள். சுட்ட தோட்டா வீணாகவில்லை என்பதற்குக் கணக்காக வலக்கைகளை வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. 1899இல் வில்லியம் ஷெப்பர்ட் என்ற கறுப்பின அமெரிக்க மிஷனரி, நெருப்பின் மேல் உலர்த்தப்பட்டிருந்த 81 கைகளைத் தாமே எண்ணினார். 1904இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண், தன் சிறு மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நசாலா என்ற தகப்பனைப் படம் பிடித்தார். அந்தப் படம் கூட்டம் கூட்டமாகக் காட்டப்பட்டு, உலகின் முதல் மனித உரிமை இயக்கங்களில் ஒன்றுக்கு எரிபொருளாயிற்று.

சார் படத்தைத் திரையில் காட்டினார், யாரும் பேசவில்லை. அப்போது பின்வரிசையில், நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என்று பிறகு தெரிந்துகொண்ட ஒரு பாட்டி, கையைத் தூக்காமலே கேட்டார்: “அது மரத்துப் பாலா சார்?” இல்லை பாட்டி, காட்டுக் கொடியிலிருந்து எடுத்த பால் என்றார் சார். “ஆசிட்டு இல்லாம எப்படி உறைய வெச்சாங்க?” கையிலும் மார்பிலும் பூசிக் காயவிட்டு உரித்தெடுத்தார்கள் என்றார். பாட்டி தம் முழங்கைக்குக் கீழே மெல்லத் தடவிக்கொண்டு, “மயிரோட பிடுங்குமே” என்று மட்டும் சொன்னார். பால் வடியும் மங்கில் ஒட்டிக்கொண்ட பாலையும் பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலையும் உரித்துப் பழகிய கை அது. அதற்குப் பிறகு சார் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் நாங்கள் வேறு காதால் கேட்டோம்.

அவர் அங்கே நிற்காமல் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். காங்கோவின் காட்டு ரப்பரைச் சந்தையிலிருந்து வெளியேற்றியதில், 1910களில் குவியத் தொடங்கிய மலாயாவின் தோட்ட ரப்பருக்குப் பெரும் பங்குண்டு. அதை விளைவிக்கத்தான் நம் பாட்டன்மார், ஊரில் ஆள் சேர்த்த கங்காணிகளின் சொல்லை நம்பிக் கப்பல் ஏறினார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நடந்தது. இங்கே கையை வெட்டவில்லை, ஆகவே இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொன்னதை நான் பாராட்டுகிறேன். ஆனாலும் ஒரே பண்டத்துக்கு ஒரே சந்தை விலை வைத்தபோது, அதன் அடியில் யார் யார் கிடந்தார்கள் என்ற கேள்வி அன்று வீட்டுக்குப் போகும் வழியிலும் என்னோடு வந்தது.

இந்த வாரத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஷெப்பர்டும் ஹாரிஸும் பிராட்டஸ்டண்டுகள். பெல்ஜியக் கத்தோலிக்க மிஷனரிகளில் பெரும்பாலோர் மன்னரின் பக்கமோ மௌனத்தின் பக்கமோ நின்றார்கள் என்று சார் சொன்னதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் ஆர்தர் வெர்மீர்ஷ் என்ற பெல்ஜிய இயேசு சபைக் குருவே 1906இல் அந்த ஆட்சியைக் கண்டித்து நூல் எழுதினார் என்பதைச் சேர்த்திருந்தால் கணக்கு நேராயிருக்கும். இடைவேளையில் நான் இதைச் சொன்னபோது சார் உடனே குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் பணிவுக்காகவே அவரிடம் இன்னொரு வகுப்புக்கும் போகலாம்.

நான்காம் வாரம் ஓர் ஆப்பிரிக்க ஆயரில் தொடங்கி, நான் எதிர்பாராத ஒரு தமிழரிடம் கொண்டுவந்தது. சிறுவனாக அடிமை வணிகரிடம் பிடிபட்டு, 1822இல் கப்பலிலிருந்து விடுவிக்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரான சாமுவேல் அஜாயி குரௌதர், விவிலியம் யொரூபா மொழிக்கு வரப் பெரிதும் உழைத்தவர். முதுமையில் இளம் வெள்ளைக்கார மிஷனரிகள் அவரை அவமானப்படுத்தினார்கள். 1891இல் அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு ஓர் ஐரோப்பியரே வந்தார். இதை அடுத்து, நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரான அசரியாவைச் சார் நிறுத்தினார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், நீங்கள் எங்களுக்காகப் பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாப் படியில் ஏறாமல் கீழே நின்றே பேசிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருப்பதால், அந்த வேண்டுகோளுக்குப் பொழிப்புரை தேவைப்படவில்லை. 1921இல் சில மாதங்களே ஊழியம் செய்து, முப்பது ஆண்டுகள் காங்கோவில் சிறையிலிருந்து 1951இல் இறந்த சைமன் கிம்பாங்குவுக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. நம்பிக்கையைத் தங்களுடையதாக்கிக்கொண்ட ஆப்பிரிக்கர்களைக் காலனி அரசு எப்படிக் கண்டு பயந்தது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை. அவருக்கு ஒரு மாலை முழுவதும் கொடுத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம் சார் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் பேசினார். ஆப்பிரிக்கா ஏழையாக இருப்பதற்குக் காரணம் நோவாவின் மகன் காம் மேல் விழுந்த சாபமும் விக்கிரக வழிபாடும் என்றார். விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஒருவர் இப்படிப் பேச முடிவது எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா சபித்தது காமை அல்ல, அவன் மகன் கானானை. கானானின் வழிவந்தோர் பாலஸ்தீனப் பகுதியில் வாழ்ந்தவர்கள். அடிமை வணிகத்துக்கு நியாயம் தேடியவர்கள் பின்னாளில் அந்தச் சாபத்தை இழுத்து ஆப்பிரிக்காவின்மேல் போட்டார்கள். வறுமை அவநம்பிக்கையின் கூலி என்றால், இன்று மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்துவர்களாக இருப்பதும், உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் தன் மண்ணிலிருந்து தருவதுமான காங்கோ ஏன் ஏழையாக இருக்கிறது என்று கேட்டேன். ஜெபத்தில் இன்னும் உறுதி வேண்டும் என்று பதில் வந்தது. தோட்டத்துத் தமிழன் முன்னேறாததற்குக் கள்ளும் தலையெழுத்துமே காரணம் என்று சொல்லிச் சொல்லியே, அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே நடத்தவிட்ட நிர்வாகத்தை யாரும் கேட்காமல் விட்டது என் நினைவுக்கு வந்தது. பாட்டி அன்று மீ ஹூனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்.

ஆறாம் வாரம் சார் திரும்பி வந்தார், ஆனால் விடுதலைக்குப் பிந்திய ஆறு பத்தாண்டுகளையும் ஒரே மாலையில் அடக்கப் பார்த்தார். நிறவெறிக்குத் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை இறையியல் தாங்கல் கொடுத்ததையும், அதே சபைக் குடும்பத்திலிருந்து 1982இல் நிறவெறியை மறுத்த பெல்ஹார் அறிக்கை எழுந்ததையும் நன்றாக விளக்கினார். காங்கோ 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றதும், அடுத்த ஜனவரியில் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டதும் இரண்டு வரியில் போயின. 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு மேலைநாடுகளின் ஆதரவோடு வாங்கிக் குவித்த கடனை மக்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியும், அடிமைகளை விடுவித்து நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லும் லேவியராகமத்தின் யூபிலி ஆண்டை முன்வைத்துத் திருச்சபைகள் 1998இல் பர்மிங்காமில் மனிதச் சங்கிலி அமைத்துக் கடன் தள்ளுபடி கேட்டதும் வரவே இல்லை. 1960இல் அமைச்சராயிருந்த துன் சம்பந்தன், வெள்ளைக்கார முதலாளிகள் துண்டு போட்டு விற்ற தோட்டங்களை வாங்கப் பால்மரத் தொழிலாளரைக் கூட்டுறவில் திரட்டியது இந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். துரை போன பிறகு நிலம் யாருக்கு என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கி ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தால் அந்த மாலை எங்கேயோ போயிருக்கும். அதற்குப் பதில், வயிறு ஒட்டிய குழந்தைகளின் காணொளி ஒன்றைப் போட்டு உண்டியலைச் சுற்றி அனுப்பினார்கள். நானும் பத்து வெள்ளி போட்டேன். எந்த நாட்டுக்கு, யார் கையில் போகிறது என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மற்றவை சில்லறை. குறிப்பேட்டின் படங்கள் நகலெடுத்து நகலெடுத்துக் கறுப்புத் திட்டாகிவிட்டன. நசாலாவின் முகத்தைத் திரையில் பார்க்காதவர்களுக்கு அந்தப் பக்கம் பயன்படாது. மொழி பல இடங்களில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது பெயர்த்தபடியே இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது இது தேவையில்லாத குறை. ஏழரை என்று போட்டால் எட்டுக்குத்தான் தொடங்குகிறது. மீ ஹூன் நன்றாக இருந்தது, காரம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அடுத்த வகுப்பு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) பிறகு என்று சொல்லியிருக்கிறார்கள். விருந்தினர் பேச்சாளர் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பின்வரிசை நாற்காலிகளில் இரண்டுக்குக் கால் ஆடுகிறது. பாட்டி மீண்டும் பெயர் கொடுத்திருப்பதாகக் கேள்வி. அவர் வரும் வாரங்களில் முன்னால் போய் உட்காராதீர்கள், அவருடைய கேள்விகள் காதில் விழாது.