வெப்சைட் திறக்கப் போகிறீர்களா? என் 72,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. இன்று காலையில்தான் அந்த ஆபீஸ் படியிறங்கி வந்தேன். இரண்டு நாள் ஆறப்போட்டால் "போய்த் தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. அதனால் சூட்டோடு எழுதுகிறேன். போனது 72,000 ரூபாய். கடைக்குப் புதிதாக வெப்சைட் போடுகிறவர்கள் திறப்பதற்கு முன்னால் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் பவானியில் ஜமக்காளம் நெய்து விற்கிற குடும்பம். வீட்டில் இரண்டு குழித்தறி. வெளியில் நெய்து கொடுப்பவர்கள் நாலு பேர். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு எல்லாம் இருக்கிறது. இருந்தும் என்ன, விசைத்தறியில் ஓட்டிய சரக்கைப் பவானி என்று சொல்லிப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். வாங்குகிறவரிடம் நேராகப் போய்ச் சேர்ந்தால்தான் கைத்தறிக்குக் கூலி கட்டும். வெப்சைட் ஆசை வந்தது அதனால்தான்.

ஈரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வெப்சைட் செய்து தரும் ஆபீஸ். பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். நடத்துகிறவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மே மாதம் வீட்டுக்கே வந்தான். செருப்பை வாசலில் விட்டவன் நேராகப் போய்த் தறிக்குழி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அப்பா நாடா வீசுவதைக் கால்மணி நேரம் வீடியோ எடுத்தான். "அப்பா, வெப்சைட்டத் தொறந்ததும் இந்த நாடாச் சத்தம் கேக்கற மாதிரி வெச்சுத் தர்றனுங்க" என்றான். அம்மா கச்சாயம் சுட்டு வைத்தாள். நாலு தின்றான். "எங்க ஆத்தா சுடற மாதிரியே இருக்குதுங்கம்மா" என்று வேறு சொன்னான்.

25,000 ரூபாய் மட்டும் அட்வான்ஸ் கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, "பையன் நம்மூட்டுப் பையனாட்டம் இருக்கறான். கேட்டதக் குடுத்துரு கண்ணு" என்றார். அங்கேயே ஜிபேயில் 40,000 அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வாங்கவில்லை. எனக்கு வந்தது வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல்.

ஜூனில் டிசைன் முடிந்தது என்று 20,000. ஆடிப்பெருக்கன்று திறப்பது என்று முடிவு செய்திருந்தோம். கூடுதுறையில் ஊரே கூடுகிற நாள், வருகிற சொந்தக்காரர்களிடம் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று கணக்கு. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஹோஸ்டிங்குக்கு (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இட வாடகை) 6,000, முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்துக்கு 6,000 என்று இன்னும் 12,000 வாங்கினான். ஆக 72,000. வெப்சைட் முகவரி அச்சடித்த துணிப்பை ஐந்நூறு அடித்தது தனிக் கணக்கு.

திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் பார்த்தாயா என்று கேட்பீர்கள். முதல் பக்கத்தைப் பார்த்தேன். அப்பா படம், தறி படம், அழகாக இருந்தது. அதோடு விட்டேன். புத்திகெட்ட வேலை.

ஆடிப்பெருக்கன்று காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் லிங்க் அனுப்பினோம். மதியத்துக்குள் பதினாலு ஆர்டர். அப்பா சாமி படத்துக்குப் பூ வைத்தார். அவசரப்பட்டு அன்று சாயங்காலமே இரண்டு பார்சலை கூரியரில் போட்டும் விட்டேன். ராத்திரி நாத்தனார் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணி, ஆர்டர் ஆயிருச்சுன்னு வந்துருச்சு, ஆனா காசே எடுக்கலயே?" பேங்கைப் பார்த்தால் சுத்தமாகப் பூஜ்யம். நானே ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். பணம் கட்டும் இடத்தில் பேங்க் பெயரைத் தொட்டதும் வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. ஓடிபி கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டே பட்டன்: சக்சஸ், ஃபெயிலியர். சக்சஸை அமுக்கினேன். "ஆர்டருக்கு நன்றி" என்றது!

மாமா பையன் பெங்களூரில் ஐடியில் இருக்கிறான். அவன்தான் விளக்கினான். வாங்குகிறவர் கட்டும் பணத்தை நம் பேங்குக்குக் கொண்டு சேர்க்கிற சேவைக்குப் பேமெண்ட் கேட்வே என்று பெயர். அதில் டெஸ்ட் மோட், லைவ் மோட் என்று இரண்டு உண்டு. டெஸ்ட் மோட் என்பது பிள்ளைகள் கடை வைத்து விளையாடுகிற மாதிரி, நிஜப் பணம் நகராது. லைவுக்கு மாற வேண்டுமென்றால் பான், பேங்க் விவரம் கொடுக்க வேண்டும். தனியுரிமை, ரிட்டர்ன், விதிமுறை, தொடர்பு என்று வெப்சைட்டில் இருக்கும் பக்கங்களையும் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தருவார்கள். சரி, நம் ரிட்டர்ன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் திறந்தேன். "உணவுப் பொருள் என்பதால் திரும்பப் பெற இயலாது. முட்டை இல்லாத கேக்குகளுக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லவும்."

கீழே இருக்கிற பேக்கரிக்குச் செய்த வெப்சைட்டை அப்படியே எடுத்து, மேலே ஜமக்காளத்தை விரித்துக் கொடுத்திருக்கிறான். கேட்வேக்காரர்கள் கேக் கடைப் பக்கத்தைப் பார்த்து அனுமதி மறுத்திருக்கிறார்கள். அந்த மெயில் அவனுக்குத்தான் போயிருக்கிறது. ஏனென்றால் கணக்கே அவன் மெயிலில்.

அதன் பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "அக்கா, டீம்ல சொல்லிட்டனுங்க." "டெவலப்பர் ஊருக்குப் போயிருக்காப்லங்க." "சர்வர்ல வேலை நடக்குதுங்க." ஒரு வாரம் கழித்து நீல டிக் மட்டும். அடுத்து அதுவும் இல்லை. நேரில் போனால் முன்னால் இருக்கிற பெண் பிள்ளை, "சார் மீட்டிங்ல இருக்காருங்கக்கா" என்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் டீ குடிப்பது தெரிகிறது. மூன்றாவது தடவை வெளியே வந்து சொன்னான்: "லைவ் பண்ணோணும்னா மெயின்டனன்ஸ் பேக்கேஜ் போடோணுங்க. 18,000." 72,000 வாங்கியவன் சொல்கிற பேச்சு! கச்சாயம் தின்ற வாய்!

வேண்டாம், லாகினைக் கொடு, வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்றேன். டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, தங்கள் பேரில்தான் இருக்கும், அதுதான் நடைமுறை என்றான். முகவரி யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் ஹூஇஸ் பதிவேட்டில் மாமா பையன் தேடினான். பதிவு செய்தவர் என்ற இடத்தில் அந்த ஆபீஸ் பெயர். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகாத டாட் இன் முகவரி, எங்கள் கடைப் பெயர், என் ஐந்நூறு துணிப்பையில் அச்சான பெயர், அவனுடையதாம். அந்தப் பூட்டுச் சின்னம் வேறு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருவது. சல்லிக்காசு கிடையாது, காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கலாமாம். அதற்கு 6,000! பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற கோடைத் திறந்தால் நோஇண்டெக்ஸ் என்று இருந்தது. அதாவது, "கூகுளே, எங்களைக் காட்டாதே" என்று அவனே சொல்லி வைத்திருக்கிறான்.

இன்று காலை கடைசியாகப் போனேன். "வேலை செஞ்சு குடுத்தாச்சுங்க, இனி எங்க வேணா போய்க்குங்க" என்றான். வீட்டுக்கு வந்து திறந்தால் "கணக்கு நிறுத்தப்பட்டது" என்று இங்கிலீஷில் ஒற்றை வரி.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று அவன் தரப்பில் சொல்லக்கூடுமாம். ஆனால் சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பவருக்கு அதில் விலக்கு உண்டு, அதை வைத்து வாதாடலாம் என்கிறார் வக்கீல். பார்க்கலாம். போட்ட இரண்டு பார்சலில் ஒருவர் கூப்பிட்டுத் தானாகப் பணம் அனுப்பினார். இன்னொருவர் ஃபோனை எடுப்பதில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. இதையாவது செய்யுங்கள். டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். பேமெண்ட் கணக்கும் அப்படியே. திறக்கும் முன் நிஜப் பணத்தில் ஒரு ரூபாய்க்காவது ஆர்டர் போட்டு, அது பேங்குக்கு வந்து சேர்கிறதா பாருங்கள். அடியில் இருக்கிற குட்டி எழுத்துப் பக்கங்களைப் படியுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

சற்று முன் மாமா பையன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த ஆபீஸின் வாட்ஸப் ஸ்டேட்டஸ். "எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று போட்டு, எங்கள் அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிற படம்.