பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 18,500 போச்சு

18,500 போய் இன்றோடு ஆறு நாள். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்து மணிக்கூண்டின் உச்சிக்குப் பின்னால் சூரியன் பெரிய தட்டு மாதிரி இறங்க வேண்டும். இரண்டு வருஷமாக மனதில் இருக்கிற படம். செல்போனில் எடுத்தால் சூரியன் கடுகளவுதான் வரும், வானத்தில் அதன் அகலமே அரை டிகிரிதான். 400 எம்எம் லென்ஸ் போட்டால்தான் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே விழும். தள்ளியும் நிற்க வேண்டும். 6 மீட்டர் அகலக் கடிகாரமும் சூரியனும் ஒரே அளவில் தெரிய ஏறக்குறைய 650 மீட்டர் தூரம். மொட்டை மாடி ஒன்றில் அனுமதி வாங்கி, நாளும் குறித்துவிட்டேன். நாள் முக்கியம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் மறைகிற இடம் ஒரே நாளில் அதன் அகலத்தில் முக்கால் பங்காவது நகர்ந்துவிடும். ஒரு நாள் தவறினால் கடிகாரத்துக்கு நேர் பின்னால் வராது.

புது லென்ஸுக்கு வழியில்லை. பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலியில் தேடினேன். 100-400 ஜூம், ‘புத்தம் புதுசு போல’, 18,500. விற்றவர் வயதானவர், பேச்சில் அவ்வளவு பாசம். “பையனுக்கு வாங்கினது தம்பி. அவன் வெளிநாடு போயிட்டான். அலமாரியிலயே பத்திரமா கிடக்கு.” அந்த லென்ஸில் எடுத்தது என்று ஒரு மைனா படம் அனுப்பினார். ஒவ்வொரு இறகும் தெரிந்தது. மேகமூட்டத்தில் எடுத்த படம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பார்சல் வந்தது. பின்மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை, மழைக்காலத்தில் பூட்டி வைத்த துணி அலமாரி மாதிரி. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் நாலு படம் எடுத்தேன், நன்றாகத்தான் இருந்தன. அதற்குள் அவரிடமிருந்து செய்தி: “தம்பி, செயலியில ஓகே அழுத்திடுங்க, பணம் அவசரமா வேணும்.” பொருளைப் பரிசோதிக்க 48 மணி நேரம் உண்டு. நான் பத்தே நிமிஷத்தில் அழுத்தினேன். பாவம் பெரியவர் என்று நினைத்தேன். நான்தான் பாவம்.

குறித்த நாளில் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. சூரியன் கடிகாரத்தைத் தொட்டது. திரையில் பார்த்தால் கூண்டு கறுப்பாகவே இல்லை, சாம்பல் நிறத்தில், பால் ஊற்றிய மாதிரி. கண்ணாடியைத் துடைத்தேன், ஃபில்டரைக் கழற்றினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன். அதே பால். சூரியன் தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிஷம்தான் எடுக்கும். அந்த இரண்டு நிமிஷமும் துடைப்பதிலேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சாதாரண வெளிச்சத்தில் இது படத்தில் தெரியாது. சூரியன் எதிரே நின்றால் அத்தனை வெளிச்சமும் அந்த இழைகளில் பட்டுச் சிதறிவிடும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டது, சுத்தம் செய்தாலும் பழையபடி ஆகாது என்றார். திருகுகளின் தலையைக் காட்டினார், எல்லாவற்றிலும் கீறல். ஏற்கெனவே யாரோ திறந்து பார்த்து, முடியாது என்று மூடியிருக்கிறார்கள்.

பெரியவருக்குப் படத்தோடு அனுப்பினேன். “சூரியனை நேரா எடுத்தா எந்த லென்ஸும் அப்படித்தான் சார் வரும்.” கவனித்தீர்களா, தம்பி சார் ஆகிவிட்டான். மறுநாள் “உங்க வீட்டு ஈரம் சார்” என்றார். ஒரே வாரத்தில் இவ்வளவு பூஞ்சை வளருமா? அதற்குப் பிறகு பதிலே இல்லை.

செயலிக்காரர்கள் அதற்கும் மேல். முதலில் இயந்திரம் பேசியது. மூன்றாம் நாள் ஒரு மனிதர்: “நீங்களே ஓகே கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்க மட்டுமே செய்கிறோம்.” 18,500 என்று நாலு முறை எழுதினேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று வந்தது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டார்ச் அடித்துப் பார்க்காமல் லென்ஸ் வாங்காதீர்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் போகிற துளையை (அபெர்ச்சர்) முழுசாகத் திறந்து வைத்துப் பாருங்கள். விற்பவரிடம் விளக்குக்கு எதிரே எடுத்த படம் கேளுங்கள். திருகுகளைப் பாருங்கள். யார் அவசரப்படுத்தினாலும் அந்த ஓகேவை அழுத்தாதீர்கள்.

சூரியன் அதே இடத்துக்கு வர இனி ஆறு மாதம் ஆகும். நேற்று ராத்திரி அந்தச் செயலியைத் திறந்தேன். பெரியவர் இன்னொரு லென்ஸ் போட்டிருக்கிறார். அதிலும் பையன் வெளிநாடு போயிருக்கிறான்.