ஜீன் டெஸ்ட்: மாத்திரைப் பக்கம் மட்டும் காசுக்குத் தகும்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு க்ளோபிடோக்ரெல் எடுத்துக் கொடுக்காத நாளே இல்லை. அந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் இரத்தம் கட்டுவதைத் தடுக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம். நம் ஊர்களில் அது அபூர்வமும் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லேயே மருந்தின் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்ததும் ஒரு கம்பெனியில் ஜீன் டெஸ்ட் பேக்கேஜ் எடுத்தது இதற்காகத்தான்.

வீட்டுக்கே வந்து எச்சில் எடுக்கிறார்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர்கூடக் கூடாது. குழாயில் கோடு வரைக்கும் நிரம்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. அம்மாவுக்கு வாய் வறண்டுபோய்ப் பாதியிலேயே நின்றுவிட்டது. வந்த தம்பி, "மாங்காய் ஊறுகாயை நினைச்சுக்குங்க பாட்டி" என்றான். அப்புறம் மளமளவென்று நிறைந்தது. அவனுக்கு மட்டும் ஐந்து ஸ்டார்.

ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். முடி கொட்டுமா, காபி ஒத்துக்கொள்ளுமா, ஓட்டப் பந்தயத்துக்கு ஏற்ற தசையா என்று பாதிக்கு மேல் ஒப்பேற்றியிருக்கிறார்கள். சர்க்கரை வரும் வாய்ப்பு 'சராசரி'யாம். அம்மா பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்! இப்படிப்பட்ட கணிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துப் போட்டவை. நம் நாட்டில் 10,000 பேரின் ஜீனோமை, அதாவது முழு மரபுக் குறிப்பை, படித்து முடித்ததாக ஜீனோம் இந்தியா திட்டம் அறிவித்ததே 2024இல்தான்.

மாத்திரைப் பகுதி அப்படியில்லை. ஒரு ஜீன், ஒரு நொதி, ஒரு மருந்து. அம்மாவுக்கு அந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று மந்தம் என்று வந்தது. இதய டாக்டர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டைகாக்ரெலார் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். விலை கூடுதல், தினம் இரண்டு வேளை; பரவாயில்லை. (ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கடைக்காரனாகச் சொல்கிறேன்.)

'முழு ஜீனோம் எடுங்கள்' என்று அந்தக் கம்பெனியிலிருந்து இன்னும் போன் வருகிறது. மனிதனின் 300 கோடி மரபு எழுத்துகளை முதன்முதலில் படித்த திட்டம் 2003இல் முடிந்தபோது ஆன செலவும் ஏறக்குறைய 300 கோடி டாலர். 2022இல் இல்லுமினா என்ற ஜீன் இயந்திரக் கம்பெனி 200 டாலரில் படிக்கும் இயந்திரத்தை அறிவித்துவிட்டது. படிப்பது மலிந்துவிட்டது, சரி. விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா? கம்பெனியின் ஆலோசகர் போனில் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தார். தமிழில் சொல்லச் சொன்னால் லைனை வேறு ஒருவருக்கு மாற்றினார், அவர் பேசியது இந்தி.

வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருந்தால், பேக்கேஜ் வேண்டாம். சிஒய்பி2சி19 மட்டும் பார்க்கத் தனி டெஸ்ட் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு அதை எழுதி வாங்குங்கள்.